பலகையில் ஏறிய பதில்

எங்கள் ரெட் வில்லோ ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனாலும், பத்திரிகைக்கு முன்னால் சொல்வது வெண்டல் ஸ்டோர்லியின் பலகைதான். நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையும் இடத்தில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடும் அவனுடைய பௌலிங் கூடம். அதன் வாசலில் இரண்டு இரும்புக் கம்பங்களின் மேல், உள்ளே விளக்கெரியும் வெள்ளைப் பலகை. கறுப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் செருகி எதை வேண்டுமானாலும் எழுதலாம், வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம். அவன் அப்பா காலத்தில் 'இன்று வாடகைக் காலணி இலவசம்' என்பதற்கு மேல் அதில் எதுவும் ஏறியதில்லை. மகன் அப்படியா? 'டாரலுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்தது, சூப் கொண்டுவாருங்கள்' என்று போட்டான். 'ரொனால்ட் மன்னிப்புக் கேட்கிறான், ஷெரி, கதவைத் திற' என்று போட்டான். ஷெரியும் திறந்தாள். வாய் ஓயாத மனுஷனுக்குக் கடவுள் இரண்டாவதாக ஒரு வாயைக் கம்பத்தில் ஏற்றிக் கொடுத்திருந்தார்.

அப்படிப்பட்டவனின் மனைவியை நாட்டின் அதிபரே ஃபெடரல் நீதிபதியாக முன்மொழிந்தால் சும்மா இருப்பானா?

மாரெட் ஸ்டோர்லி வங்கிக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்த வக்கீல். ஊரே கைவிட்டவர்களுக்கெல்லாம் அவள்தான் வக்கீல். ஜூன் மாதம் ஒரு மத்தியானம் வெள்ளை மாளிகையிலிருந்து அறிவிப்பு வந்தது. செய்தி காதில் விழுந்த சூட்டோடு வெண்டல் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். 'எங்கள் நீதிபதி மாரெட்டுக்கு வாழ்த்துகள்!' கடைசி ஆச்சரியக்குறியைச் செருகும்போது பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். ஏணி மேல் பல் முப்பத்திரண்டும் தெரிய நின்றான் வெண்டல்.

சாயங்காலம் காரில் வந்த மாரெட், பலகைக்கு எதிரே நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

"வெண்டல், நான் இன்னும் நீதிபதி இல்ல."

"அதிபரே சொல்லிட்டாரே!"

"அவரால பேரை முன்மொழியத்தான் முடியும். நீதிபதி ஆக்குறது செனட். அதுக்கும் முன்னாடி நம்ம மாநிலத்து செனட்டர் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு நீலக் காகிதம் போகும். ரெண்டு பேரும் சரின்னு திருப்பி அனுப்பினாத்தான் என்னை விசாரணைக்கே கூப்பிடுவாங்க. அப்புறம் கமிட்டி ஓட்டு, அப்புறம் சபை ஓட்டு. வருஷம் முடியறதுக்குள்ள முடியலன்னா பேரு அதிபருக்கே திரும்பிப் போயிடும்."

"ஒரு செனட்டர் காகிதத்தைத் திருப்பலன்னா?"

"அவ்வளவுதான். ஏன்னு காரணம்கூடச் சொல்ல வேண்டாம்."

"எந்தச் சட்டத்துல இருக்கு அது?"

"சட்டம் இல்ல, வழக்கம். சட்டமா இருந்தா நான் வாதாடியாவது பார்ப்பேன்." பலகையை மறுபடி அண்ணாந்து பார்த்தாள். "ஆகுறதுக்கு முன்னாடியே ஆயிட்ட மாதிரி நடந்துக்கிறது அங்க யாருக்கும் பிடிக்காது. ஒரு வார்த்தை என்னைக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாமே."

"நாளைக்கு எடுத்துடறேன். ஊரு ஒரு நாள் சந்தோஷப்பட்டுட்டுப் போகட்டுமே" என்றான் அவன். மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஏணியும் பல்லும் பலகையும் பெரிதாக வந்திருந்தன.

இரண்டு செனட்டர்களில் ஒருவர் பெண், அதிபரின் கட்சி. காகிதத்தை உடனே திருப்பிவிட்டார். இன்னொருவர் லோவெல் பிரிங்கர், எதிர்க்கட்சி. வசந்த காலத்தில் வெள்ளை மாளிகை கேட்டபோது 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று தலையாட்டியவர்தான். ஆனால் தலையாட்டுவது வேறு, காகிதம் வேறு.

அந்த வாரமே பிரிங்கரின் ஆபீசிலிருந்து கூடத்துக்கு ஒரு போன் வந்தது. சின்ன வயதுக் குரல், ஏகப்பட்ட மரியாதை.

"சார், அந்தப் பலகை இன்னும் இருக்குங்களா?"

"எடுத்துட்டேனே. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். செனட்டர் கையெழுத்து இல்லாமலே உங்க ஊர்ல நீதிபதி ஆக்கிடுவீங்கன்னு இங்க எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அதான் கேட்டேன். நல்லது சார்."

செனட்டருக்குப் பலகை மேல் கோபம் என்று வெண்டல் எடுத்துக்கொண்டான். போனை வைத்துவிட்டுக் காலணி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மாரெட்டிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இருபது வருஷ உழைப்பை உன் புருஷன் ஒரு ஏணி ஏறி இறங்குவதற்குள் கெடுத்துவிட்டான் என்றா? அன்றிலிருந்து பலகையில் ஒரு எழுத்துகூட ஏற்றவில்லை.

வெற்றுப் பலகையைப் பார்த்து ஊர் அரண்டுபோனது. கூடத்தை விற்கப்போகிறான் என்றார்கள். டாக்டர் கெடு வைத்துவிட்டார் என்றார்கள். துக்க வீட்டுக்குக் கொடுப்பதுபோல ஒரு அம்மாள் உருளைக்கிழங்குக் கேசரோல் செய்து கொண்டுவந்து, அவன் முகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கடைசியில் ஆர்டி நேராகவே கேட்டான். முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு ஓய்வில் இருக்கும் ஆர்டி, நாள் தவறாமல் கூடத்துக்கு வருகிறவன், வெண்டலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன்.

"டேய், சாகப்போறியா? சொல்லிட்டுச் சாவுடா. உன் மூணாம் நம்பர் பந்து எனக்கு வேணும்."

"சும்மா இருடா."

"உன் வாயிலருந்து ரெண்டே ரெண்டு வார்த்தை! நிச்சயம் சாகத்தான் போற."

ஆர்டிக்கும் மாரெட்டுக்கும் நடுவில் ஒரு பழைய புண் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் கூட்டுறவுத் தானியக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. அங்கே காவலுக்கு இருந்தவன் ஆர்டியின் மச்சான். பிழைத்தான், ஆனால் இரண்டு கையும் வெந்துபோய் இன்றைக்கும் சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். தீ வைத்தான் என்று வெர்ன் குன்ட்சனைப் பிடித்தார்கள். ஊரே அவனைக் கிழித்துப்போடத் தயாராக இருந்தது. எந்த வக்கீலும் வரவில்லை, மாரெட் போனாள். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கதவை உடைத்து அவன் வீட்டுக்குள் நுழைந்தது என்று நிரூபித்தாள். உள்ளே எடுத்த பெட்ரோல் டின்கள் சாட்சியாகச் செல்லாது என்றது கோர்ட்டு. குன்ட்சன் வெளியே வந்து மாநிலத்தை விட்டே போய்விட்டான். அதற்குப் பிறகு ஆர்டி வெகுநாள் கூடத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. வந்த பிறகும் மாரெட்டைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவான், பேச மாட்டான்.

கோடையில் எஃப்.பி.ஐ. ஆள் ஒருவர் வீடு வீடாக வந்து மாரெட் எப்படிப்பட்டவள் என்று விசாரித்தார். ஆர்டியையும் கேட்டார். ஆர்டி சொன்னதை அவனே கூடத்தில் வந்து ஒப்பித்தான்:

"குடிப்பாளான்னு கேட்டான். அவ புருஷன் பேசுறதைக் கேட்டாலே தலை சுத்தும், குடிக்கிறது எதுக்குன்னேன். நேர்மையான்னு கேட்டான். என் மச்சானைப் பொசுக்கினவனை வெளியே விட்டவ அவ, ஆனா பொய் சொல்ல மாட்டா, எழுதிக்கோன்னேன்."

வெண்டலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவனே இப்படிச் சொல்கிறான், கட்டின புருஷன் நான் கெடுத்துவிட்டேனே!

மாரெட் புது வழக்கு எதையும் எடுப்பதில்லை. எடுத்து, பாதியில் விட்டுப் போனால் கட்சிக்காரன் கதி என்னாவது? கூட இருந்த இளம் வக்கீல் பெரிய ஊருக்குப் போய்விட்டாள். வருகிறவர்களை மாரெட் வேறு வக்கீல்களிடம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். இந்தப் பக்கம் வேலையும் போய், அந்தப் பக்கம் பதவியும் கிடைக்காமல் நடுவில் நின்றுவிடுவாளோ என்ற பயம் வெண்டலைத் தின்றது. போன் அடித்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள். பெரும்பாலும் ஜன்னல் மாற்றித் தருகிறோம் என்கிற விற்பனைக்காரனாக இருக்கும்.

ஆகஸ்டில் பிரிங்கர் தம் உள்ளூர் ஆபீசுக்கு அவளை நேரில் பேச அழைத்தார். திரும்பி வந்தவள், "நல்லாத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு, கோர்ட்டு உடையோடு தோட்டத்தில் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தாள். பலகையைப் பற்றிக் கேட்டாரா என்ற கேள்வி வெண்டலின் தொண்டை வரை வந்தது. கேட்டால் போன் விஷயம் வெளியே வந்துவிடும். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து களை பிடுங்கினான். பிடுங்கியதில் பாதி கேரட்.

செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. காகிதம் வரவில்லை.

நவம்பரில் லூத்தரன் சர்ச்சில் லூட்டஃபிஸ்க் விருந்து. கொழகொழவென்று தட்டில் நடுங்கும் அந்த மீனை எங்கள் ஊரில் யாரும் ஆசைப்பட்டுச் சாப்பிடுவதில்லை. ஆனால் வராமல் இருப்பதும் இல்லை. ஓட்டுக் கேட்கிற யாரும் அதிலிருந்து தப்பிக்க முடியாது. மீன் மேல் உருக்கிய வெண்ணெய் ஊற்றுவது வருஷா வருஷம் வெண்டலின் வேலை. பிரிங்கர் வருகிறார் என்று தெரிந்ததும் மாரெட் அவன் ஏப்ரனை முடிந்துவிட்டபடியே சொன்னாள்.

"வெண்ணெய் மட்டும் ஊத்து. வேற எதையும் ஊத்தாதே."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா அடக்கிடுவேனே."

சர்ச்சின் கீழ்த்தளத்தில் வரிசை நகர்ந்தது. பிரிங்கர் தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். வயதான, உயரமான மனிதர். எல்லார் பெயரும் அவருக்குத் தெரியும்.

"என்ன வெண்டல், உங்க பலகை ஏன் மொட்டையா நிக்குது? ஊருக்கு வர்றப்பல்லாம் வண்டியை மெதுவா விடச் சொல்லிப் படிப்பேனே."

வெண்டல் அவர் முகத்தைப் பார்த்தபடியே ஊற்றினான். வெண்ணெய் மீனைத் தாண்டி, உருளைக்கிழங்கைத் தாண்டி, செனட்டரின் கட்டைவிரலில் ஓடியது. அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சார், அந்தப் பலகை என் தப்பு சார். அவளுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு வாயில சனி சார். என் மேல கோவப்பட்டு அவ காகிதத்தை நிறுத்தி வச்சிடாதீங்க. கால்ல வேணாலும் விழறேன்."

பிரிங்கர் விரலைத் துடைத்துக்கொண்டே அவனை விநோதமாகப் பார்த்தார். கரண்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுக்கச் சொல்லி, கோட்டுகள் மாட்டியிருந்த மூலைக்கு அழைத்துப்போனார்.

"பலகையா? அந்தப் படத்தைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்யா. ஆபீஸ்ல ஏதாவது பொடிப்பய போன் பண்ணானா? அது இல்ல விஷயம். உங்க வீட்டம்மா சொல்லலையா?"

"என்ன சொல்லல?"

"ஆகஸ்ட்ல கேட்டேன். குன்ட்சன் கேஸ் மாதிரி இன்னொண்ணு வந்தா மறுபடி போவீங்களான்னு. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். 'ஆமாம், நாளைக் காலையிலேயே'ன்னாங்க." பெருமூச்சு விட்டார். "நல்லவங்கதான். ஆனா எனக்கும் ஓட்டுப் போடுறவங்க இருக்காங்க வெண்டல். அவனை விட்டவளை நீதான் நாற்காலியில உக்கார வச்சியான்னு கேப்பாங்க. அந்தக் கேஸுக்காக வருத்தப்படறேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. காகிதம் என் மேஜையிலதான் இருக்கு, திங்கக்கிழமை போயிடும். நாளைக்கு மத்தியானம் எனக்கு பிளேன். அதுக்குள்ள பதில் வேணும்."

வெண்டலுக்கு முதலில் வந்தது நிம்மதி. என் பலகை இல்லை! நான் கெடுக்கவில்லை! இத்தனை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. அடுத்த நிமிஷமே, அவள் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும்போது நிம்மதியா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டான். அதற்கும் அடுத்தபடியாகக் கோபம் வந்தது. கோட்டைக்கூடப் போடாமல் வெளியே போய், டிரக்கில் அவளுக்காக உட்கார்ந்திருந்தான்.

அவள் ஏறிக் கதவைச் சாத்தினதும் வெடித்தான்.

"இத்தனை மாசம் நான் செத்துச் செத்துப் பிழைச்சேன் மாரெட்! பலகையாலதான் எல்லாம் போச்சுன்னு! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பலகையாலயா?" அவள் நிஜமாகவே திகைத்தாள். "அதை ஏன் காலியா விட்டே? நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஆகஸ்ட்ல நான் சொன்ன பதில் எப்படியோ உனக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்தக் கோவத்துலதான் என்கிட்டயும் பேசாம, ஊர்கிட்டயும் பேசாம இருக்கேன்னு நினைச்சேன். தினமும் அந்த வெள்ளைப் பலகையைத் தாண்டி வீட்டுக்கு வர்றப்ப வேற பக்கம் பார்த்துக்குவேன்."

"ஆகஸ்டுக்கு ரொம்ப முன்னாடியே காலியாயிடுச்சே அது!"

"ஆமாம். வக்கீலா இருந்து என்ன பிரயோஜனம், தேதியைப் பார்க்கல பாரு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவன் பிரிங்கர் சொன்னதைச் சொன்னான். கண்ணாடி முழுக்க மூச்சுப் படிந்து சர்ச் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன.

"நீ என்ன சொல்றே?" என்றாள் மாரெட்.

அவன் பொய் சொல்லவில்லை. "எழுதிடு. ரெண்டே ரெண்டு வரி. அந்த நாற்காலியில உன்னைவிட நல்லவங்க யாரு உக்காரப்போறா? யோசிச்சுப் பாரு."

"யோசிச்சேன். ஆகஸ்ட்லருந்து வேற எதை யோசிக்கிறேன்? எழுதினா என்னாகும் தெரியுமா? என் எதிர்ல ஒரு வக்கீல் எழுந்து நிப்பான். ஊரே வெறுக்கிற ஒருத்தனுக்காகத் தனியா நிப்பான். இந்த மாதிரி நின்னதுக்கு வருத்தப்படறேன்னு எழுதிக் கொடுத்துத்தான் நான் மேல வந்து உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். அவன் மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்? ஒரு நாளா ரெண்டு நாளா? ஆயுசுக்கும் வேலை வெண்டல் அது."

"எழுதலன்னா?"

"மாடி ஆபீஸைக் கூட்டிப் பெருக்கணும்." உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தாள். "எனக்கு அது வேணும் வெண்டல். வேண்டாம்னு நினைச்சுடாதே. ரொம்ப வேணும்."

அவன் சாவியைத் திருப்பினான். டிரக்கை ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மாரெட் ஜன்னலோரம் நின்றாள். மேஜை மேல் காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. வெண்டல் அதைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கினாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு தடவை சுவரைப் போய் ஓங்கி அறைந்துவிட்டு வந்தான். பிறகு கேட்டான்.

"அவர் ஏர்போர்ட்டுக்கு நம்ம கூடத்தைத் தாண்டித்தான் போகணும். பதிலைப் பலகையில போடட்டுமா? இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் ஏறுவேன். வேண்டாம்னா வேண்டாம்."

அவள் ஆறின காப்பியைத் தொட்டியில் ஊற்றினாள். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

"ஏணியை நான் பிடிக்கிறேன். போன தடவை தனியா ஏறினதே தப்பு."

பனிக்காற்று முகத்தை அறுத்தது. அவன் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாங்கிச் செருகினான். அவள் மனசு மாறாதா, 'போதும் இறங்கு, நான் எழுதிடறேன்' என்று சொல்லமாட்டாளா என்று ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பார்த்தான். அவள் இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்தை எடுத்து நீட்டினாள்.

'ஆமாம். நாளைக் காலையிலேயே.'

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் கறுப்பு நிற வண்டி ஒன்று வந்தது. பலகைக்கு எதிரே வந்ததும் வேகம் குறைந்தது. பின்பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. வெண்டல் இரண்டடி முன்னால் போனான். நிற்குமோ? மனுஷன் இறங்கி வந்து, 'சரி போம்மா, திங்கக்கிழமை அனுப்பறேன்' என்பாரோ? கண்ணாடி மேலே ஏறியது. வண்டி போய்விட்டது.

காகிதம் வரவே இல்லை. டிசம்பர் முடிந்தது, செனட்டின் கூட்டத்தொடரும் முடிந்தது, மாரெட் ஸ்டோர்லி என்ற பெயர் வேறு பல பெயர்களோடு சேர்ந்து வெள்ளை மாளிகைக்கே திரும்பிப்போனது. அதிபர் மறுபடி அனுப்பவில்லை. செய்தி வந்த அன்று மாரெட் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே போட அன்றைக்கு அழுக்குத் துணி எதுவும் இல்லை என்பது வெண்டலுக்குத் தெரியும். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அவள் வருகிறவரைக்கும் தானும் அழுதான்.

பலகையை மட்டும் அவன் மாற்றவில்லை. ஊர் மண்டையைப் பிய்த்துக்கொண்டது. நாளைக் காலையில் என்ன, இலவச ஆட்டமா, அப்பம் போடுகிறீர்களா என்று போன் மேல் போன். 'வீட்டு விஷயம்' என்று சொல்லி வைத்துவிடுவான். ஜனவரியில் ஒரு நாள் ஆர்டி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே, உருட்டாமல் கேட்டான்.

"டேய், எங்கிட்டயாவது சொல்லு. எந்த நாளைக் காலையில?"

வெண்டல் சொன்னான். குன்ட்சனைப் பற்றிச் செனட்டர் கேட்டது, அவள் சொன்னது, இரண்டு வரி எழுதாதது, எல்லாம். சொல்ல ஆரம்பித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. பாதியில் நிறுத்தப் பார்த்தான். "சொல்லுடா" என்றான் ஆர்டி. முடிகிறவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

பந்தை மெதுவாக அதன் இடத்தில் வைத்தான். கோட்டை மாட்டினான்.

"என் மச்சான் பென்ஷனை நிறுத்திட்டாங்க" என்றான். "கையெழுத்து ஒத்துப்போகலையாம். வெந்த கையில எப்படிடா கையெழுத்து ஒத்துப்போகும்? எந்த வக்கீலும் தொட மாட்டேங்கிறான். அவ ஆபீஸ் திறந்துட்டாளா?"

"நாளைக்குத் திறக்கறா."

"எத்தனை மணிக்கு?"

வெண்டல் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். கண்ணாடிக் கதவு வழியாக, வெளியே கம்பத்தின் மேல் இருந்த பலகையைக் கையால் காட்டினான்.